உப்புப் பார்க்காத பொங்கல்

வாழ்த்துரை வழங்க எழுந்த பெரிய அதிகாரி, "நடப்பது உடலுக்கு நல்லது" என்று ஆரம்பித்தார். அதற்கு மேல் அவரால் நிற்க முடியவில்லை. மைக் கம்பத்தைப் பிடித்தபடி மெல்ல உட்கார்ந்தார், பிறகு மேடையிலேயே படுத்துவிட்டார். கூட்டம் சிரிப்பதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே முன்வரிசையில் இரண்டு ஆசிரியர்கள் தலையைப் பிடித்துக்கொண்டார்கள். அவர்களுக்குப் பின்னால் ஒருவர் வாந்தி எடுத்தார். கொஞ்ச நேரத்தில் பள்ளிக்கூட மைதானம் முழுவதும் ஆட்கள் சாய்ந்து கிடந்தார்கள்.

அது 1983, மார்கழி மாதத்தின் முதல் வாரம். ஜவ்வாது மலை நல்வாழ்வு மன்றத்தின் நடைவிழா நாள்.

மன்றத்தை ஆரம்பித்தவர் பாண்டுரங்கன். திருப்பத்தூரில் டிரில் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தினமும் நடங்கள், மைதாவையும் சர்க்கரையையும் குறையுங்கள், சாமையும் கேழ்வரகும் தினையும் சாப்பிடுங்கள் என்பதுதான் மன்றத்தின் கொள்கை. மலைக்காரர்களுக்கு முதலில் இது வேடிக்கையாக இருந்தது. அவர்கள் நடக்காமல் எங்கே போவது, சாமையைத் தின்னாமல் எதைத் தின்பது? ஆனால் ரேஷன் அரிசி வந்த பிறகு சாமைச் சோறு என்றால் வெட்கப்பட ஆரம்பித்திருந்த பிள்ளைகள், கீழ்நாட்டு ஆபீசர்களே அதைக் கேட்டு வாங்கித் தின்பதைப் பார்த்து மறுபடி தட்டை நீட்டினார்கள். அதனால் ஊருக்கு மாஸ்டரைப் பிடித்துப்போனது.

மன்றத்தின் உபதேசம் உண்மையில் தேவைப்பட்டது கீழே இருந்து வேலைக்கு வந்தவர்களுக்குத்தான். அவர்களில் முதல் ஆள் சப்-இன்ஸ்பெக்டர் ராஜாக்கண்ணு. அவருடைய பெல்ட்டில் கடைசி ஓட்டையும் தீர்ந்துவிட்டது. மனைவி சம்பூர்ணம் அவரைக் கேட்காமலே மன்றத்தில் சேர்த்துவிட்டாள்.

அன்று காலை நடையைக் கொடியசைத்துத் தொடங்கி வைத்தவரே அவர்தான். முதல் திருப்பம் வரை எல்லோருக்கும் முன்னால் நடந்தார். திருப்பத்தில் சின்னராசுவின் டீக்கடை இருந்தது. நடை அங்கேயே நின்றது.

மனசாட்சி உறுத்தியதோ என்னவோ, "சாமை அடை இருக்கா?" என்றுதான் முதலில் கேட்டார்.

"பழசு தீந்துபோச்சிங்க. புதுசு இன்னும் சாமிக்குப் படைக்கல. போண்டா துன்னுங்க" என்றான் சின்னராசு.

வேறு வழியில்லாமல் போண்டா சாப்பிட்டார். நிறையவே சாப்பிட்டார். மைதானத்தில் பொங்கல் பரிமாறும்போதும் அவர் கடையில்தான் இருந்தார். மைதானமே தலைசுற்றிக் கிடந்தபோது சட்டப்படி நிமிர்ந்து நிற்க முடிந்த ஒரே கீழ்நாட்டு அதிகாரி அவராகப் போனதற்குக் காரணம் அந்தப் போண்டாதான்.

விழாவுக்கு வராமல் மலை ஆஸ்பத்திரியில் இருந்துவிட்ட டாக்டர் வந்து ஓடி ஓடிப் பார்த்தார். யார் உயிருக்கும் ஆபத்தில்லை என்றார். ஆனால் இது வெறும் அஜீரணமும் இல்லை. தலைசுற்றல், வாந்தி, நாக்குக் குழறல் எல்லாம் ஒரே நேரத்தில் வருகிறதென்றால் பொங்கலில் ஏதோ இருக்கிறது. மிச்சப் பொங்கலை வேலூருக்கு அனுப்பலாம், பதில் வர வாரக்கணக்கில் ஆகும்.

மேலதிகாரிகளுக்கு அவ்வளவு பொறுமை இல்லை. சாயங்காலம் ஜீப் வரும், சமைத்தவளை அதில் ஏற்றி அனுப்பு என்று போனில் சொல்லிவிட்டார்கள்.

சமைத்தவள் பச்சையம்மா. புருஷனை இழந்தவள், அதே ஊர்க்காரி. மன்றத்தில் நிரந்தரச் சமையல் வேலை கேட்டுப் போன மாதம்தான் இல்லையென்று சொல்லியிருந்தார்கள். அதோடு இன்னொன்று: பந்தியில் உட்கார்ந்த மலைக்காரர்கள் ஒருவர்கூடப் பொங்கலைத் தொடவில்லை. இலையில் வாங்கியதை அப்படியே மடித்துவிட்டு எழுந்து போயிருந்தார்கள். எழுந்து போனவர்களில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

ராஜாக்கண்ணு இதையெல்லாம் நோட்டில் வரிசையாக எழுதிப் பார்த்தார். ஒரு ஏழைப் பெண்ணை ஜெயிலுக்கு அனுப்பத் தேவையான எல்லாமே கையில் இருக்கிறது. ஆனால் அவள் கல் அடுப்பின் பக்கத்தில் ஓடாமல் ஒளியாமல் உட்கார்ந்திருக்கிறாள்.

மாஸ்டரிடமிருந்து ஆரம்பித்தார். அவர் வகுப்பறை பெஞ்சில் ஈரத்துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு படுத்திருந்தார்.

"பச்சையம்மா பந்தியில ஏதோ சொன்னாளாமே, மாஸ்டர்?"

"என் காதால கேட்டேன். மலைக்காரங்க வரிசையில குனிஞ்சி குனிஞ்சி சொல்லிட்டுப் போனா. 'புதுசா கலந்து கீது, வாயில வெக்காதீங்க'ன்னு. எனக்கு அப்ப உறைக்கல. பாயசத்துல ஏதாவது புதுசா சேத்திருப்பாளோன்னு நெனச்சேன்."

"அப்புறம் நீங்க சாப்ட்டீங்களா?"

"ரெண்டு தடவ வாங்கினேன்" என்று கண்ணை மூடிக்கொண்டார் மாஸ்டர். அவர் வேறு ஒரு சந்தேகமும் சொன்னார். டீக்கடைச் சின்னராசுவுக்கு மன்றத்தின் மேல் கோபம் உண்டு, மைதாவை விடச் சொன்னதிலிருந்து பரோட்டா வியாபாரம் படுத்துவிட்டது, அவன் பச்சையம்மாவைத் தூண்டிவிட்டிருக்கலாம் என்றார்.

"அவன் இன்னிக்கி கடையை விட்டு நகரல" என்றார் ராஜாக்கண்ணு.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியும்" என்று சொல்லிவிட்டு சப்-இன்ஸ்பெக்டர் அடுத்த அறைக்குப் போனார்.

அங்கே பழனி ஒரு வாளியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கீழ்நாட்டுச் சந்தவாசல்காரன். மன்றத்தின் தானியக் கிடங்கைப் பார்த்துக்கொள்பவன். விழாவுக்காக ஊர்க்காரர்கள் வீட்டுக்கு வீடு கொடுத்த போன வருஷத்துச் சாமை அந்தக் கிடங்கில்தான் இருந்தது. அந்த வருஷம் அறுப்பு நேரத்தில் மழை விடவில்லை. களத்தில் கதிர் காயவே இல்லை என்று எல்லோரும் புலம்பிக்கொண்டிருந்தார்கள். கிடங்கில் பழசு பத்திரமாக இருப்பதைத்தான் மாஸ்டர் மேடையில் பெருமையாகச் சொல்லியிருந்தார். பூட்டுக்கு இரண்டு சாவி. ஒன்று பழனியிடம். மற்றொன்று மன்றத் தலைவர் சடையனிடம்.

"சாமையில குத்தம் சொல்ல முடியாது சார்" என்றான் பழனி. "விடியக்காலம் நானே கழுவி, ஊற வெச்சி, அவ கையில குடுத்தேன். அதுக்கு அப்புறம் அவ செஞ்சதுதான் எல்லாம். ஒண்ணு சொன்னா கேட்டாத்தானே? தண்ணி கம்மியா வைன்னேன், கேக்கல, குழைய விட்டுட்டா. உப்பு பேருக்குத்தான் போட்டிருந்தா. நெனப்பு சமையல்ல இருந்தாத்தானே உப்புப் பாக்க ஞாபகம் வரும்?"

"நீயும் சாப்ட்டியா?"

பழனி பதில் சொல்வதற்குள் வாளி பதில் சொல்லிவிட்டது. விஷம் கலந்தவன் அதே பானையிலிருந்து வயிறு முட்டத் தின்பானா? ராஜாக்கண்ணு அவனை விட்டுவிட்டு வெளியே வந்தார்.

சடையன் வேப்பமரத்தடியில் கட்டிலில் கிடந்தார். ஊர் நாட்டாமையும் அவர்தான். மேடையில் பெரிய அதிகாரியின் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவர். மலைக்காரர்களில் சாப்பிட்டது அவர் ஒருவர்தான். சாவி எப்போதும்போல அரைஞாணில் தொங்கியது. கிடங்கைத் திறந்து பார்த்து எத்தனையோ நாளாகிறது, அதெல்லாம் பழனி பார்த்துக்கொள்கிறான் என்றார். பச்சையம்மாவைப் பற்றிக் கேட்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கடைசியாகப் பச்சையம்மா.

"பந்தியில இன்னாம்மா சொன்னே?"

"துன்ன வாணாம்னு சொன்னேன்."

"அப்படியே சொல்லு. நீ சொன்ன வார்த்தையை."

அவள் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "புதுசு கலந்து கீது, வாயில வெக்காதீங்கன்னேன்."

"இன்னா கலந்தே?"

"நான் ஒண்ணும் கலக்கல."

"உப்புப் பாத்தியா?"

"பாக்கல."

"ஏன்?"

அதற்குப் பிறகு எதைக் கேட்டாலும் அடுப்புச் சாம்பலைக் குச்சியால் கிளறிக்கொண்டிருந்தாள். ஒரு தரம் மட்டும் தலையைத் தூக்கி, "ஜெயிலுக்குப் போனா தை மாசத்துக்குள்ள வுட்ருவாங்களா அய்யா?" என்று கேட்டாள். தை மாதத்தில் அந்த ஊரில் புதுச்சாமை படைக்கும் திருவிழா. முறை வைத்து ஒரு வீட்டுக்குத்தான் முதல் பானை வைக்கும் உரிமை வரும். பச்சையம்மாவின் வீட்டு முறை இந்த வருஷம்தான் வந்திருந்தது. அந்த முறைக்காகக் காத்திருந்தே அவள் புருஷன் போய்ச் சேர்ந்தான் என்று கூட இருந்த கான்ஸ்டபிள் சொன்னார்.

ஒரு பெண் ஜெயிலுக்குப் பயப்படாமல் திருவிழாவுக்குப் பயப்படுகிறாள். ராஜாக்கண்ணுவுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

மத்தியானம் தாண்டி வீட்டுக்கு ஓடினார். சம்பூர்ணமும் பொங்கல் சாப்பிட்டவள்தான். கட்டிலில் சுருண்டு கிடந்தாள். வாந்தி நின்றிருந்தது, முகம் மட்டும் வெளுத்துக் கிடந்தது. கஞ்சி கொடுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கல்யாணமான நாளிலிருந்து அடுப்படிக்குள் சாப்பிட மட்டுமே நுழைந்த ராஜாக்கண்ணு, அரிசிப் பானையைத் தேடிக் கண்டுபிடித்தார். விறகு பற்ற வைப்பதற்குள் கண்ணெல்லாம் புகை.

"தண்ணி எவ்ளோ ஊத்தணும்?" என்று உள்ளே இருந்து கத்தினார்.

"பாத்து ஊத்துங்க" என்றாள் சம்பூர்ணம், தீனமான குரலில். "எங்கப்பா வூட்லேர்ந்து வந்த அரிசி. புதுசு. தண்ணி கம்மியா வைங்க, இல்லாட்டி குழைஞ்சிடும்."

செம்பு அவர் கையிலேயே நின்றுவிட்டது.

"இன்னா சொன்னே?"

"தண்ணி கம்மியா வைங்கன்னேன்."

"அதுக்கு முன்னாடி."

"புதுசுன்னேன். இன்னாங்க, அடுப்பு எரியுதா இல்லியா?"

அடுப்பு எரிந்தது. கஞ்சியும் எப்படியோ வெந்தது. கொஞ்சம் அடிபிடித்திருந்தாலும் சம்பூர்ணம் ஒன்றும் சொல்லாமல் குடித்தாள். அவள் குடித்து முடிக்கும் வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்துவிட்டு, ராஜாக்கண்ணு தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். முதலில் கிடங்குக்குப் போய் விழாவுக்கு அவிழ்த்த மூட்டையின் அடியில் கையை விட்டுத் துழாவினார். பிறகு மைதானத்துக்கு நடந்தார். வேகமாகவே நடந்தார். மாஸ்டர் பார்த்திருந்தால் கை தட்டியிருப்பார்.

ஜீப் வந்து நின்றிருந்தது. பச்சையம்மா அதன் பக்கத்தில் ஒரு துணி மூட்டையோடு தயாராக நின்றாள். ஊர்க்காரர்கள் தூரத்தில் கூடியிருந்தார்கள். தேறியவர்கள் வராந்தாவில் உட்கார்ந்திருந்தார்கள். சடையனின் கட்டிலையும் தூக்கிவந்து போட்டிருந்தார்கள்.

"ஏத்தலாமா சார்?" என்றார் ஜீப்பில் வந்தவர்.

"ஆளை மாத்தணும்" என்றார் ராஜாக்கண்ணு.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"மாஸ்டர், நீங்க கேட்டது எல்லாம் சரி. ஒரு எழுத்துதான் தப்பு. அவ 'புதுசா கலந்து கீது'ன்னு சொல்லல. 'புதுசு கலந்து கீது'ன்னு சொன்னா. 'புதுசா'ன்னா நமக்கு மருந்து, விஷம், என்னென்னவோ தோணும். இவங்களுக்குப் 'புதுசு'ன்னா ஒண்ணுதான். இந்த வருஷம் அறுத்த சாமை. சாமிக்குப் படைக்காம அதை யாரும் வாயில வெக்க மாட்டாங்க. இதை எனக்குக் காலையிலேயே ஒருத்தன் சொன்னான். நான்தான் வேற வேலையா இருந்தேன்."

மாஸ்டர் ஈரத்துண்டைத் தலையிலிருந்து எடுத்தார். "கிடங்குல இருந்தது பழைய சாமை ஆச்சே."

"இருந்தது. இன்னிக்கி வெந்தது அது இல்ல. பச்சையம்மா பழசுன்னு நம்பித்தான் பழசுக்கு வெக்கிற தண்ணியை வெச்சா. ஊற வெச்சதைக் கையில குடுத்ததால அவளுக்கு முதல்ல வித்தியாசம் தெரியல. கொதிச்சதும் குழைஞ்சி போச்சி, வாசனையும் வந்திச்சி. புதுசுன்னு தெரிஞ்சதும் உப்புப் பாக்கக்கூட நாக்குல வெக்கல. வெக்கக் கூடாதே. அதனாலதான் பொங்கல்ல உப்பு பத்தல. தன் ஜனங்களை மட்டும் தடுத்தா. நமக்குப் புதுசு துன்னா பாவம் இல்ல, அதனால நம்மகிட்ட சொல்லல. மழையில அறுத்து ஈரத்தோட மூட்டை கட்டின சாமைன்னு அவளுக்கு எப்படித் தெரியும்?"

கையிலிருந்த காகிதப் பொட்டலத்தை டாக்டரிடம் கொடுத்தார். அதில் இருந்த சாமையில் கறுப்பாகப் பூஞ்சணம் ஒட்டிக்கொண்டிருந்தது. டாக்டர் முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். வாந்திக்கும் தலைசுற்றலுக்கும் இது போதும் என்றார்.

"அப்ப மூட்டையை மாத்தினது?" என்றார் மாஸ்டர்.

"சாவி ரெண்டு பேர்கிட்டதான் இருந்தது. நாட்டாமை மாத்தியிருந்தா, தானே எடுத்து வாயில போட்டிருக்க மாட்டாரு. மலையில பொறந்த யாரும் படைக்காத சாமையைப் பானைக்கு வர விட்டிருக்க மாட்டாங்க. அந்தத் தப்பு கீழ்நாட்டானுக்குத்தான் வரும்." ராஜாக்கண்ணு பழனியின் பக்கம் திரும்பினார். குரலை உயர்த்தவில்லை. "பழனி, பச்சையம்மா கிட்ட இன்னா சொன்னே நீ?"

"நான் ஒண்ணும்..."

"தண்ணி கம்மியா வைன்னு சொன்னே. நீயேதான் எங்கிட்ட சொன்னே. பழைய சாமைக்கு எதுக்குப்பா தண்ணி கம்மி?"

பழனி அப்படியே வராந்தாப் படியில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தான்.

பழைய சாமைக்குக் கீழே நல்ல கிராக்கி இருந்தது. ஆலங்காயத்தில் ஒரு வியாபாரிக்குத் தள்ளிவிட்டு, மழையில் நனைந்ததென்று யாரும் சீந்தாமல் கிடந்த புதுச் சாமையை அடிவாரத்தில் வாங்கிக் கிடங்கில் வைத்துவிட்டான். மலைக்காரர்கள் கண்ணில் படக் கூடாதென்றுதான் விடியற்காலையிலேயே தானே கழுவி ஊற வைத்தான். யாருக்கும் கெடுதல் செய்ய வேண்டுமென்று அவன் நினைக்கவில்லை. நினைத்திருந்தால் அவனே அதைத் தின்றிருக்க மாட்டான். ஆனால் பழி பச்சையம்மா மேல் விழுந்தபோது வாயை மூடிக்கொண்டிருந்தான், அதை மட்டும் ராஜாக்கண்ணுவால் மன்னிக்க முடியவில்லை.

"இதை நீயே சொல்லியிருக்கலாமேம்மா" என்றார் மாஸ்டர், பச்சையம்மாவிடம்.

அவள் மாஸ்டரைப் பார்க்கவில்லை. சடையனைத்தான் பார்த்தாள். அப்போதுதான் மாஸ்டருக்கும் மற்றவர்களுக்கும் விஷயம் புரிந்தது. படைக்காத புதுசை அடுப்பில் ஏற்றின கைக்கு அந்த வருஷம் பானை கிடையாது. அது ஊர்க் கட்டு, பந்தியில் கேட்டவர்களும் அவளுக்காக அதை நாட்டாமை காதுக்குக் கொண்டுபோகாமல் இருந்தார்கள். உண்மையைச் சொன்னால் முதல் பானை போகும், சொல்லாவிட்டால் அவளே போக வேண்டும். தை மாதத்துக்குள் விட்டுவிடுவார்களா என்று அவள் கேட்டது அதனால்தான்.

கூட்டத்தில் ஒருவர் மெல்ல, "கட்டு கட்டுதானே" என்று முணுமுணுத்தார்.

சடையன் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். இன்னும் தலை நிற்கவில்லை, கட்டில் காலைப் பிடித்துக்கொண்டார்.

"மேடைக்கு வந்து என்னையும் தடுத்திருக்கலாமே புள்ள?" என்றார்.

"ஆபீசருங்க இருந்தாங்க. ஏறத் தைரியம் வரல மாமா" என்றாள் பச்சையம்மா. அன்று முழுவதும் வராத அழுகை அவளுக்கு அப்போது வந்தது.

"நெருப்பு வெச்சது இவ கை. துன்னது என் வாய். ரெண்டும் தெரியாம நடந்தது" என்றார் சடையன் ஊரைப் பார்த்து. "துன்ன பொறவு நான் இன்னா செஞ்சேன்? படுத்துக் கெடந்தேன். இவ அத்தினி பேரு வாயையும் காப்பாத்தினா. கட்டு மீறினா இவ வூட்டுக்குப் பானை இல்லன்னா, எனக்கு நாட்டாமையும் இல்ல. இன்னா சொல்றீங்க?"

முணுமுணுத்தவர் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். சடையன் மறுபடி படுத்துக்கொண்டார். "மொதல் பானை பச்சையம்மா வூடுதான்" என்றார் படுத்தபடியே.

ஜீப் பழனியை ஏற்றிக்கொண்டு இறங்கிப் போனது. பச்சையம்மா துணி மூட்டையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

இதில் ராஜாக்கண்ணுவுக்கும் ஒரு தண்டனை கிடைத்தது. சின்னராசு கடையை விட்டு நகரவில்லை என்பதற்கு யார் சாட்சி என்று மேலதிகாரிகள் எழுத்தில் கேட்டார்கள். சாட்சி தானேதான் என்றும், அந்த நேரத்தில் அங்கே என்ன செய்துகொண்டிருந்தார் என்றும் அவர் எழுத்திலேயே பதில் தர வேண்டியதாயிற்று. அந்தப் பதிலைச் சம்பூர்ணம் படித்துவிட்டாள். மறுநாளிலிருந்து அவள் அவரோடு கூடவே நடந்தாள். முதல் திருப்பம் வந்ததும் கையைப் பிடித்துக்கொண்டாள்.

தை மாதத்தில் திருவிழா வந்தது. நன்றாகக் காய்ந்த புதுச் சாமை முதல் பானையில் பொங்கி வழிந்தது. பச்சையம்மா புதுப் புடவை கட்டியிருந்தாள். மன்றத்தின் சமையல் வேலையும் அவளுக்குக் கிடைத்திருந்தது. மாஸ்டர் நேரில் வீட்டுக்குப் போய்க் கேட்டுக்கொண்டார்.

படையல் முடிந்ததும் அவள் முதல் கரண்டியைச் சடையனுக்கும் இரண்டாவதை ராஜாக்கண்ணுவுக்கும் வைத்தாள். அவர் ஸ்டேஷனிலிருந்து மலைப்பாதை முழுவதும் நடந்து வந்திருந்தார், நல்ல பசி. ஒரு பெரிய கவளமாக எடுத்து வாயில் போட்டார். சாமிக்கு வைக்கிற பானை, யாரும் ருசி பார்க்க மாட்டார்கள். உப்பு ஒரு கை கூடவே விழுந்திருந்தது.

பச்சையம்மா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். "உப்பு சரியா கீதுங்களா அய்யா?"

ராஜாக்கண்ணு விழுங்கிவிட்டு இலையை மறுபடி நீட்டினார்.

"படைச்ச பானையில உப்புப் பாக்கக் கூடாதும்மா" என்றார்.